நாழிகை வட்டிலும் திறன்கடிகாரமும்

மாரியிற் பெய்யும் நீரைத் தேக்கிவைத்துக் கோடையில் வயலுக்கு அளந்து விடுவதே குளத்தின் தொழிலாகும். திருகோணமலை நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாய்க் குளம் இத்தொழிலைப் பல நூற்றாண்டுகளாகச் செய்து வருகின்றது. கோணேசர் கோயிலின் வயல்களுக்கு நீர் பாய்ச்சும்பொருட்டுக் குளக்கோட்டு மன்னன் இதனைக் கட்டுவித்தான் என்பது 'கோணேசர் கல்வெட்டு' முதலிய நூல்கள் போற்றும் தமிழ் மரபு. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனே இதனை அமைத்தான் என்பது சூளவம்சத்தை ஆதாரமாகக் கொண்டோர் கூற்று. கட்டியவர் யாவரேயாயினும், இக்குளத்தை நம்பி வாழும் உழவர் ஒவ்வொரு போகத்திலும் கேட்கும் கேள்விகள் இரண்டே: குளத்தில் எவ்வளவு நீர் நிற்கின்றது? அது எத்தனை நாளைக்குப் போதும்?

இவ்விரு கேள்விகளும் இக்காலத்தில் மிகச் சிறியதொரு பொருளைப் பற்றியும் கேட்கப்படுகின்றன. மணிக்கட்டிற் கட்டிக்கொள்ளும் திறன்கடிகாரமே அது. 'இதன் மின்கலம் எத்தனை நாளைக்கு நிற்கும்?' என்பதே அதனை வாங்கச் செல்வோர் முதலிற் கேட்கும் வினா. இவ்வினா புதியதன்று. காலத்தை அளக்க மனிதன் கருவி செய்யத் தொடங்கிய நாள்முதல் அவனைத் தொடர்ந்து வரும் வினா இது. அதன் வரலாற்றைச் சற்று ஆராய்தல் பயனுடைத்து.

கடிகாரம் எதுவாயினும் அதன் அமைப்பு குளத்தின் அமைப்பை ஒத்ததேயாகும். ஆற்றலைத் தேக்கிவைக்க ஓரிடம் வேண்டும். அவ்வாற்றலைச் சிறிது சிறிதாக வெளிவிட ஒரு வாயில் வேண்டும். குளத்திற்கு நீரும் துருசும் எவ்வாறோ, அவ்வாறே பழைய கைக்கடிகாரத்திற்குச் சுருள்வில்லும் அதனைத் தடுத்துத் தடுத்து விடுவிக்கும் பற்சக்கரமும். புதியதற்கு மின்கலமும் மின்சுற்றும். துருசை அகலத் திறந்தால் வயல் விரைவில் நிறையும். குளமும் விரைவில் வற்றும். இந்த எளிய உண்மையே கடிகார வரலாறு முழுவதையும் விளக்கப் போதுமானது.

தமிழர் அறிந்த மிகப் பழைய கடிகாரம் நாழிகை வட்டிலாகும். முல்லைப்பாட்டிலே, அரசனுடைய பாசறையில் நீரால் பொழுதை அளந்து கூறும் நாழிகைக் கணக்கர் காட்சி தருகின்றனர். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். அடியில் ஊசித் துளையுள்ள வட்டிலை நீர்மேல் மிதக்கவிட்டால், நீர் உட்புகுந்து 24 நிமிடத்தில் அது அமிழும். உடனே அதனை எடுத்து, நீரைக் கவிழ்த்து, மறுபடியும் மிதக்கவிட வேண்டும். இக்கால மொழியிற் சொல்வதானால், இக்கருவியின் 'மின்கலம்' 24 நிமிடமே நிற்கும். நாளொன்றுக்கு 60 முறை அதற்கு உயிரூட்ட வேண்டும்.

இக்கருவி இலங்கையில் எவ்வாறு வழங்கியது என்பதற்கு ஆங்கிலேயர் ஒருவர் சான்று பகர்கின்றார். கந்தளாய்க் குளத்தின் நீரைக் கொணரும் பேராறு சென்று சேருமிடம் கொட்டியாரக் குடா. அக்குடாவிலே 1660ஆம் ஆண்டு, புயலிற் சேதமுற்ற கப்பலொன்றைச் செப்பனிட வந்திறங்கிய இளைஞர் றொபேட் நொக்ஸ், தம் தந்தையாருடனும் தோழருடனும் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்துட் கொண்டுசெல்லப்பட்டார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அங்கிருந்து, 1679ஆம் ஆண்டிலே தப்பிச் சென்ற அவர், 1681ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட நூல் இத்தீவின் வாழ்வைக் காட்டும் அரிய ஏடாகும். செப்பு வட்டிலால் நாழிகை அளக்கும் முறையை அதில் அவர் விவரிக்கின்றார். அரசன் அவ்வட்டிலை இடைவிடாது கவனிப்பதற்கென்றே ஓர் ஆளை வைத்திருந்தான். குடிமக்களோ அதனை எந்நாளும் பயன்படுத்தவில்லை. விதைப்புக்கு நல்ல நேரம் பார்க்க வேண்டியபோது மட்டுமே எடுத்தனர். மற்றைய நாட்களில் கதிரவனும், மாலை 4 மணியளவில் மலர்ந்து காலையில் குவியும் அந்திமந்தாரை போன்ற பூவுமே அவர்களுக்குப் பொழுதறிவித்தன.

இச்செய்தியில் ஆழ்ந்ததொரு பாடம் அடங்கியுள்ளது. ஒரே வட்டிலை இரு வகையார் இரு வகையில் ஆண்டனர். அரசனுக்கு எக்கணமும் நேரம் தெரிய வேண்டும்; அதற்கு விலை, ஓர் ஆளின் ஓயாத உழைப்பு. உழவனுக்கு வேண்டிய வேளையில் மட்டும் நேரம் தெரிந்தாற் போதும். எனவே அவனுக்கு அக்கருவி சுமையாகவில்லை. அரசன் முறை, உழவன் முறை என்னும் இவ்விரண்டும் பின்வந்த எல்லாக் கடிகாரங்களிலும் தொடர்வதைக் காணலாம்.

ஐரோப்பாவிலே 15ஆம் நூற்றாண்டில் சுருள்வில் கடிகாரத்துட் புகுந்தது. நீரும் தொங்கு நிறைகளும் இன்றி, உருக்குச் சுருளை முறுக்கி ஆற்றலைச் சேமிக்கும் வழி தெரிந்தபின்னரே கடிகாரம் மனிதனோடு உடன்செல்லும் பொருளாயிற்று. காலப்போக்கில் அது திருந்தி, ஒருமுறை சாவி கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை நாள் ஓடும் நிலையை எய்தியது. முதலாம் உலகப்போரிலே பதுங்குகுழிகளில் இருந்த வீரர், சட்டைப்பையில் கைவிட்டுத் துழாவாமல் நேரம் பார்க்க வேண்டியிருந்தமையால், கடிகாரம் சட்டைப்பையினின்றும் மணிக்கட்டுக்கு ஏறியது. அதன்பின் ஜோன் ஹார்வூட் என்பவர் 1920களில், கை அசையும்போது தானே முறுக்கேறும் கைக்கடிகாரத்தை ஆக்கினார். அணிபவனின் நடையே அதற்கு மழையாயிற்று.

இலங்கையில் நாழிகைக் கணக்கு மணிக்கணக்காக மாறியதும் இக்காலப் பகுதியிலேயே. 1906ஆம் ஆண்டு, கிறீனிச் நேரத்திற்கு ஐந்தரை மணி முற்பட்ட பொதுநேரம் தீவெங்கும் வகுக்கப்பட்டது. 1920களில் திருகோணமலைக்குப் புகையிரதப் பாதை அமைந்தபோது, கந்தளாயிலும் வண்டி வரும் நேரத்தை மக்கள் மணியும் நிமிடமுமாக எண்ணக் கற்றனர். 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கிய போர்க்காலத்தில், தீவின் கடிகாரங்களும் முன்னே நகர்த்தப்பட்டு, போர் முடிந்தபின் பழைய நிலைக்கு மீண்டன. ஆயினும் அந்நாளிற் கைக்கடிகாரம் வைத்திருந்தோர், காலையில் எழுந்ததும் சாவி கொடுப்பதைப் பல் துலக்குவது போன்ற நாட்கடனாகக் கொண்டிருந்தனர். அதனை ஒருவரும் குறையாகக் கருதவில்லை. அரை நிமிட வேலை அது, மின்சாரமும் வேண்டியதில்லை.

பின்னர் மின்கலம் வந்தது. 1957ஆம் ஆண்டு ஹமில்ற்றன் நிறுவனம் மின்கலத்தால் ஓடும் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. 1960ஆம் ஆண்டு புலோவா நிறுவனத்தின் 'அக்கியூற்றொன்' ஒரு சிறு இசைக்கவையை விநாடிக்கு 360 முறை அதிரச் செய்து நேரங்காட்டியது. 1969 டிசம்பர் 25ஆம் நாள் யப்பானின் சீக்கோ நிறுவனம் 'அஸ்ற்றொன்' என்னும் முதலாவது படிகக் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. மின்னழுத்தத்தால் ஒரே சீராக அதிரும் படிகக்கல்லே அதன் இதயம். ஓராண்டளவு சாவியும் வேண்டாம், கவனமும் வேண்டாம் என்னும் நிலை பிறந்தது. தமிழ்நாட்டுக்கும் இம்மாற்றத்திற் பங்குண்டு. 1961 முதல் பெங்களூரில் எச்.எம்.ரி. நிறுவனம் சாவி கொடுக்கும் கடிகாரங்களைச் செய்து இந்தியர் மணிக்கட்டை நிறைத்திருந்தது. 1984ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் ராட்டா குழுமமும் கூடித் தொடங்கிய ரைற்றன் நிறுவனம், ஒசூரில் ஆலை அமைத்துப் படிகக் கடிகாரத்தையே தன் வழியாகத் தேர்ந்தது. அத்தேர்வே பின்னர் சந்தையை வென்றது.

இதற்கிடையில் எச்சரிக்கை போன்ற ஒரு நிகழ்ச்சியும் நடந்தது. 1972ஆம் ஆண்டு 'பல்சர்' என்னும் கடிகாரம், முட்களை நீக்கி, ஒளிரும் செவ்வெண்களால் நேரத்தைக் காட்டியது. உலகம் வியந்தது. ஆனால் அவ்வெண்கள் மின்சாரத்தை அள்ளிக் குடித்தமையால் அவற்றை எப்போதும் எரியவிட இயலவில்லை. பொத்தானை அழுத்தினால் மட்டும் நேரம் தெரியும். ஒரு கையிற் கட்டிய கடிகாரத்தைப் பார்க்க மறு கையும் வேண்டியதாயிற்று. கையிலே சுமையுள்ளவன் நேரம் பார்ப்பது எப்படி? காட்சியின் அழகு பயனைத் தின்றுவிட்டது. விரைவிலேயே, ஒளிராமல் வெளிச்சத்தை மறைத்தும் விட்டும் எண்களைக் காட்டும் திரவப்படிகத் திரை அதன் இடத்தைப் பிடித்தது. அவ்வழியில் 1989ஆம் ஆண்டு வந்த காசியோ நிறுவனத்தின் எளிய 'எப்-91டபிள்யூ' கடிகாரம், ஒரே மின்கலத்தில் ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஓடும் வல்லமை பெற்றிருந்தது. 24 நிமிட வட்டிலிலிருந்து 7 ஆண்டுக் கடிகாரம் வரை ஏறிவந்த ஏணியின் உச்சப்படிகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

ஏணியின் உச்சியைக் கண்ட மனிதன் அங்கேயே நின்றுவிடவில்லை, தானே கீழிறங்கினான். 2012ஆம் ஆண்டு, பொதுமக்களிடம் இணையவழியாக முன்பணம் திரட்டிய 'பெபிள்' என்னும் திறன்கடிகாரத்திற்கு ஒரு கோடி டொலருக்கு மேற் குவிந்தது. கைத்தொலைபேசிக்கு வரும் செய்திகளை மணிக்கட்டிற் காட்டிய அது, சிக்கனமான திரையைக் கொண்டிருந்தமையால் ஏறத்தாழ ஒரு வாரம் நின்றது. 2015 ஏப்பிரலில் விற்பனைக்கு வந்த அப்பிள் கடிகாரம் வண்ணத்திரையும் பல வித்தைகளும் உடையது. அதனைச் செய்தவர்களே கூறிய கணக்கு 18 மணி நேரம். நூறாண்டுக்கு முந்திய சாவிக் கடிகாரத்தினும் அது குறைவு! முன்னேற்றம் என்பது பின்னோக்கி நடந்ததோ என்று கேட்கத் தோன்றும்.

விடை துருசில் இருக்கின்றது. திறன்கடிகாரத்தின் தேக்கம் சிறியதன்று. சாதாரணப் படிகக் கடிகாரத்தின் பொத்தான் மின்கலத்தைக் காட்டிலும் அது இருபது மடங்குக்கு மேற்பட்டது. அதன் உள்ளிருக்கும் இலித்தியம்-அயன் மின்கலம் 1991ஆம் ஆண்டு சோனி நிறுவனத்தால் முதன்முதல் வணிகத்துக்கு வந்தது. அதற்கு வழிகண்ட கூடினஃப், விற்றிங்ஹாம், யோசினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. எனினும் மணிக்கட்டில் வைக்கத்தக்க அளவு மிகச் சிறிது. அதில் அடங்கும் ஆற்றல் முழுவதையும் கொண்டு 10 வாட் மின்விளக்கொன்றை நெடுநேரம் எரிக்க இயலாது. அச்சிறு குளத்திலிருந்து எத்தனை வாய்க்கால்கள் பிரிகின்றன! ஒளிவீசும் திரைக்கு ஒன்று. தோலினூடே பச்சை ஒளியைப் பாய்ச்சி இரத்த ஓட்டத்தைப் பார்த்து நாடி எண்ணும் கருவிக்கு ஒன்று. செய்மதிகளின் குறிப்பைக் கேட்டு இருக்குமிடம் அறிவதற்கு ஒன்று. கைத்தொலைபேசியோடு வானலையில் ஓயாது பேசுவதற்கு ஒன்று. படிகக் கடிகாரம் ஒரு துளியை விடும் நேரத்தில் இது பல்லாயிரம் துளிகளை விடுகின்றது. எனவே தேக்கத்தைப் பெருக்கியும் நாட்கள் சுருங்கின.

இக்கடிகாரத்தாற் பயன் இல்லையோ எனின், உண்டு, மறுப்பதற்கில்லை. 2018ஆம் ஆண்டு முதல் சில வகைகள் இதயத் துடிப்பின் மின்வரைவை எடுத்து, ஒழுங்கற்ற துடிப்பைச் சுட்டிக்காட்டுகின்றன. அணிந்தவர் தடுக்கி விழுந்து அசைவற்றுக் கிடந்தால் உதவிக்கு அழைப்பவையும் உள. தனியே வாழும் முதியோருக்கு இது சிறிய உதவியன்று. நடந்த தூரத்தை எண்ணிக் காட்டுவதால் நீரிழிவுள்ளோர் சிலர் மேலும் நடக்கின்றனர். காது கேளாதோரை ஒலியின்றி அதிர்ந்தே துயிலெழுப்புகின்றது. ஆனால் இப்பயன்கள் யாவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை: வேண்டிய வேளையிலே கடிகாரம் உயிரோடு இருக்க வேண்டும், கையிலும் இருக்க வேண்டும்.

இந்நிபந்தனை இலங்கையில் எத்துணைக் கடியது என்பதை அண்மைக்கால வரலாறு காட்டும். 1996ஆம் ஆண்டு மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் தளர்ந்தபோது, பகலொளியைச் சேமிக்கும்பொருட்டு அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அவ்வாண்டிலேயே அது அரை மணி குறைக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு ஏப்பிரலிலே பழைய ஐந்தரை மணிக் கணக்கு மீண்டது. குளங்களில் நீர் குறைந்ததாற் கடிகார முள் நகர்ந்த விந்தை இது. 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் வாங்க வழியின்றி, மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. அந்நாட்களில் மின்னூட்டுவதற்குக் கிடைத்த சில மணி நேரத்தைக் கைத்தொலைபேசிக்கும் விளக்குக்கும் பகிர்ந்தளித்த குடும்பத்தில், நாள்தோறும் உணவு கேட்கும் கைக்கடிகாரத்திற்கு இடம் எங்கே? ஏழாண்டுக் கடிகாரமோ, சுவரில் மின்சாரம் உண்டா இல்லையா என்பதை அறியாமலே ஓடிக்கொண்டிருந்தது. சாவிக் கடிகாரமும் அவ்வாறே.

வெப்பமும் ஒரு பகைவன். இலித்தியம்-அயன் மின்கலம் சூட்டில் விரைவாக முதுமை அடையும். சில நூறு முதல் ஆயிரம் முறை ஊட்டியபின் அதன் கொள்ளளவு குறைந்துவிடுவது இயல்பு. தூர்ந்த குளம் போல, நிரம்பியதாகத் தோன்றினும் கொண்டிருப்பது கொஞ்சமே. நாள்தோறும் ஊட்டப்படும் கடிகாரம் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்நிலையை நெருங்கும். வாரம் ஒருமுறை ஊட்டப்படுவது நெடுநாள் நிற்கும். கந்தளாய் போன்ற உலர்வலயத்தில், நெல் வெட்டும் காலத்து வெயிலிலே கையிற் கட்டியிருப்போர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். எனினும் அவ்வெயிலே துணையாவதும் உண்டு. சிற்றிசன் நிறுவனம் 1976ஆம் ஆண்டிலேயே கதிரொளியால் ஊட்டம் பெறும் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. பிற்காலத் திறன்கடிகாரங்கள் சிலவும் அவ்வழியைப் பின்பற்றின. வாய்க்கால்களைக் குறைத்து, திரையை எளிதாக்கி, ஒருமுறை ஊட்டினால் இரண்டு வாரமும் அதற்கு மேலும் நிற்கும் வகைகளும் தோன்றியுள்ளன. அவை உழவன் முறையிற் செய்யப்பட்டவை. கேட்டபோது மட்டும் விடை கூறுபவை. எப்போதும் திரை ஒளிர வேண்டுமென்போர் அரசன் முறையை நாடுகின்றனர். ஆனால் அரசனுக்கு வட்டிலைக் கவனிக்க ஓர் ஆள் இருந்தான். திறன்கடிகாரம் அணிபவனோ தானே அரசன், தானே காவலாள்.

இவை யாவற்றையும் நிறுத்துப் பார்க்க, கந்தளாயின் வரலாற்றிலேயே ஓர் இரவு உண்டு. 1986 ஏப்பிரல் 20ஆம் நாள், விடியுமுன் இருளிலே, கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. உறங்கிக் கிடந்த ஊர்கள்மேல் வெள்ளம் பாய்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. பின்னர் கட்டு மீளக் கட்டப்பட்டது. இழந்த உயிர்கள் மீளவில்லை. அந்நாளில் திறன்கடிகாரம் இல்லை. இருந்திருப்பின் அவ்வுயிர்கள் தப்பியிருக்கும் என்று கூறுவதும் பொருந்தாது. எச்சரிக்கை முதலிற் பிறக்க வேண்டியது கட்டைக் கண்காணிப்போரிடத்தே. அதன்பின்னரே அது மணிக்கட்டுக்கு வந்து சேரும். எனினும் அவ்விரவு ஒன்றைத் தெளிவாக உணர்த்துகின்றது. ஆபத்து வரும் நேரம் பெரும்பாலும் மனிதன் துயிலும் நேரம். 18 மணி நேரம் நிற்கும் கடிகாரம் அந்நேரத்தில் எங்கே இருக்கும்? கையினின்றும் கழற்றப்பட்டு, ஊட்டுப்பலகையிற் கிடக்கும். அதிர்ந்து எழுப்ப வேண்டிய கருவி, எழுப்ப வேண்டியவரைத் தொடாமல் இருக்கும். மாலையில் குளித்து உணவருந்தும் வேளையில் ஊட்டிவிட்டு இரவிலே அணிந்து துயில்வோரும் உளர். அவர்கள் கருவியின் குறையைத் தம் ஒழுங்கால் நிறைவு செய்கின்றனர்.

ஆகவே மின்கலத்தின் நீடிப்பை வெறும் நாட்கணக்காக எண்ணுதல் போதாது. நாள் எத்தனை என்பதோடு, எந்த நேரத்தில் அது ஓய்கின்றது என்பதும் கேட்கத்தக்கது. குளத்து உழவர் இதனை நன்கறிவர். போகம் தொடங்குமுன் கூட்டங்கூடி, இருக்கும் நீரைக் கணக்கிட்டு, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளில் துருசு திறப்பது, எந்த நாளில் அடைப்பது என்று முடிவு செய்வது அவர்தம் மரபு. கதிர் வாங்கும் தருணத்தில் நீரில்லையெனின், விதைப்பின்போது பெருகப் பாய்ந்த நீரால் ஆவதொன்றுமில்லை. திறன்கடிகாரம் வாங்குவோரும் தமக்கென அத்தகைய கூட்டமொன்றை மனத்துள்ளே கூட்டிப் பார்த்தல் நன்று. நாடி பார்க்க வேண்டிய நோயாளிக்கு ஒருவகை, நெடுந்தூரம் காட்டிலும் கடலிலும் செல்வோருக்கு ஒருவகை, நேரம் மட்டும் போதுமென்போருக்கு ஏழாண்டு நிற்கும் எளிய வகை எனத் தேவையே தேர்வைச் செய்தல் வேண்டும். வேண்டாத வாய்க்கால்களை அடைத்துவிடின் சிறுகுளமும் நெடுநாள் பயன்தரும்.

கண்டி மன்னனின் வட்டில் அமிழும்தோறும் ஓர் ஆள் குனிந்து அதனை எடுத்தான். அவன் பெயரை நொக்ஸ் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவன் கண்ணயர்ந்த இரவில் அரண்மனைக்கு நேரமே இல்லாது போயிருக்கும். கருவி எத்துணை வளர்ந்தாலும், அதனைக் கவனிக்கும் கடன் மனிதனை விட்டு நீங்குவதில்லை. குளக்கட்டிலும் அவ்வாறே, மணிக்கட்டிலும் அவ்வாறே.